சித்தியின் ரோமன் குடும்பம்

என் சித்தி நாற்பத்தாறாவது வயதில் அண்ணாந்து பார்க்கிற வேலையில் சேர்ந்தாள். அதுவரை அவள் செய்ததெல்லாம் குனிகிற வேலை. துணிக்கடையில் பட்டன் தைத்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள். செருப்புத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் அடிப்பாகத்துக்குப் பசை தடவினாள். "இருபது வருஷம் பூமியைப் பார்த்தாச்சு. இனிமே கொஞ்சம் மேல பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நகர அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

அங்கே கட்டட வயதுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மூன்று மேஜை, ஓர் இரும்பு அலமாரி, அலமாரிக்கு மேல் யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு ஹெல்மெட். ஆவண அறையில் தண்ணீர் புகுந்து பழைய கட்டடங்களின் தாள்கள் கூழாகிவிட்டன. நல்ல வேளையாக, நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் கட்டடம் கட்டியவர்கள் கட்டிய வருஷத்தைத் தலைவாசலுக்கு மேலே பொறித்து வைத்திருந்தார்கள். கெட்ட வேளையாக, அதை ரோமன் எழுத்தில் பொறித்திருந்தார்கள். யாராவது ஒருவர் தெருத்தெருவாகப் போய், அண்ணாந்து பார்த்து, சாதாரண எண்ணாக மாற்றி, பதிவேட்டில் எழுத வேண்டும்.

நேர்முகத் தேர்வில் பிரிவு அதிகாரி ஒரு தாளில் XIV என்று எழுதி நீட்டினார். அவர் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே இருப்பவர். குடிக்காத நேரத்தில் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பார். சித்தி தாளைப் பார்த்து "பதினாலு" என்றாள்.

"எங்கே படிச்சீங்க?"

"சுவர்க் கடிகாரத்துல சார். பன்னெண்டு வரைக்கும் தெரியும். பத்தையும் நாலையும் கூட்டினேன்."

அதுவரை வந்த நாலு பேரும் அதை 'எக்ஸ் ஐவி' என்று படித்து, ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்திருந்தார்கள். சித்திக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் எப்படி எண்ணுவது என்ற கவலை பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் வந்தது. பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருவதற்குள் அதற்கும் அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

நான் அப்போது அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். வந்ததும் வராததுமாகக் கைப்பையைக் கழற்றாமல் மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

"எம்னா என்ன? எம் மாமா. நம்ம குடும்பத்துலயே பெரிய ஆளு. அதனால ஆயிரம். டி, டீச்சர். ஐநூறு."

"சித்தி, டீச்சருக்கு அந்த டி வராது. வேற டி."

"தமிழ்ல எழுதிப் பாரு."

எழுதிப் பார்த்தேன். இரண்டு மொழியில் படித்து என்ன பயன்? ட ஒன்றுதான்.

"சி, சித்தி. நூறு. எல், எலி. ஐம்பது."

"எலிக்கு ஐம்பதா?"

"எங்க பழைய வீட்டு எலியை நீ பார்த்ததில்ல. எக்ஸ்னா எங்க ஆபீசர், கையைக் குறுக்க கட்டிக்கிட்டு நிக்கறாரே, அவரு. பத்து. வி, விருந்தாளி. அஞ்சு. விருந்தாளின்னா யாரு தனியா வர்றா? வந்தா அஞ்சு பேராத்தான் வருவாங்க. கடைசியா ஐ. ஐயா." சித்தப்பாவை அவள் வெளியாள் முன்னால் 'எங்க வீட்டுக்காரர்' என்பாள், எங்கள் முன்னால் 'ஐயா' என்பாள். "ஐயா ஒண்ணு."

சித்தப்பா செய்தித்தாளை இறக்கினார். ஆள் ஆறடி உயரம், அகலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. "ஏன், எலிக்கே ஐம்பது. எனக்கு ஒண்ணுதானா?"

"எலி அதும்பாட்டுக்கு இருந்துச்சுங்க. எதுலயும் குறுக்க வரல."

கூட்டல் கழித்தல் விதியையும் அவள் குடும்பத்திலிருந்தே எடுத்தாள். சின்ன ஆள் பெரிய ஆளுக்குப் பின்னால் நின்றால் ஒத்தாசை, கூட்டிக்கொள்ள வேண்டும். சின்ன ஆள் முந்திரிக்கொட்டை மாதிரி பெரிய ஆளுக்கு முன்னால் போய் நின்றால் இடைஞ்சல், கழித்துவிட வேண்டும். "ஐயா விருந்தாளிக்கு முன்னால போய் நின்னா நாலு. பின்னால நின்னா ஆறு. இதுக்குப் புத்தகம் வேற வேணுமா? நம்ம வீட்டுக்கு யாராவது வர்றப்ப பார்த்தா போதும்."

இப்படித்தான் சித்தி வேலை பார்த்தாள். ஒரு பழைய பைனாகுலர், பதிவேடு, பென்சில், மடக்கு முக்காலி. எதிர்நடைபாதையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மாமா, டீச்சர், சித்தி, சித்தி, எலி" என்று முணுமுணுப்பாள். போகிறவர்கள் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். புறா உட்கார்ந்திருக்கிற எழுத்தை அது எழுந்து போகும்வரை காத்திருந்து படிப்பாள். ஒருமுறை ஒரு சித்தியின் மேல் புறா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. "நூறு வருஷத்தை அடை காக்குது பாரு" என்று வந்து சொன்னாள். கழுத்து வலிக்குத் தலையணையை எடுத்துவிட்டுப் படுத்தாள். ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள்.

ஆறாவது மாதம் சுற்றறிக்கை வந்தது. 1900க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருப்பவர்கள் ஆறு மாதம் காலி செய்ய வேண்டும், அஸ்திவாரத்தைப் பலப்படுத்தப் போகிறார்கள். அதுவரை ஊர்க்கோடியில் இருக்கிற விளையாட்டு அரங்கில் மடக்குக் கட்டிலும் துணித் தடுப்பும் தரப்படும். யார் யார் காலி செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே ஆதாரம் சித்தியின் பதிவேடு.

அந்த வாரம்தான் அவள் வரிசைப்படி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். முதலில் எதிர்வீடு. அங்கே பேக்கரிக்காரர், அவர் மனைவி, மாமியார், இரண்டு பெண்கள். வாசலுக்கு மேல் MDCCCXCIX. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு வருஷத்தில் மாட்டிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் கெஞ்சவில்லை. "ஒரு வருஷம்தானே அம்மா" என்றார். "எழுதியிருக்கறதைத்தான் நான் எழுத முடியும்" என்றாள் சித்தி. மறுநாள் முதல் அவர் கடையில் எங்களுக்கு ரொட்டி கிடைத்தது, சிரிப்பு கிடைக்கவில்லை.

பிறகு முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

எங்களுடையது முதல் மாடி. கீழே சலவைக்கடை, அதற்குத் துணிக்கூரை. கூரைக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் எழுத்துகள். பதினொரு வருஷமாக அந்த ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவியவள், தன் காலடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. சுவர், எழுத்து எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு. பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

I, M, C, M.

ஐயா, மாமா, சித்தி, மாமா. சித்தி மாமாவுக்கு முன்னால் நிற்பதால் தொள்ளாயிரம். முதல் மாமாவோடு சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம். எல்லாருக்கும் முன்னால் ஐயா. ஒன்று கழி.

மேலே வந்து பதிவேட்டை மேஜையில் வைத்தாள். "நாமளும் கிளம்பணும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது."

இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்று சொல்லும் தாளில் முகவரி என்ற கட்டத்தில் இந்த வீடுதான் இருந்தது. விளையாட்டு அரங்கு, தடுப்பு எண் பதினேழு என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று மூன்று அலுவலகங்களுக்குக் கேட்டு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. எந்த விளையாட்டு என்று கேட்டிருந்தார்கள்.

சித்தப்பா வேறு விதமாகப் பேசினார். "முன்னால ஒரு கோடு. அதை விட்டுடேன். கோடுதானே."

"நேத்து எதிர்வீட்டுக்கு நான் ஒரு கோட்டை விடல. இன்னிக்கு நம்ம வீட்டுக்கு விட்டா அந்த அஞ்சு பேர் முகத்துல எப்படி முழிக்கறது?"

"பதினொரு வருஷம் இருந்த வீடு."

"எனக்கு மட்டும் என்ன, பதினொரு நாளா?" அந்தச் சமையலறை அலமாரி அவளே இழைத்து, அவளே ஆணி அடித்தது. கொஞ்ச நேரம் அதன் கதவைத் திறந்து மூடினாள். "முன்னால போய் நிக்காதீங்க நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்ப சுவர்லயும் வந்து நிக்கறீங்க."

"அது நான் இல்லம்மா."

"ஐயாதானே அது?"

சொந்த வீடு என்பதால் சித்தி எழுதியதை இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும் என்று விதி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வருவதாக ஏற்பாடு. அவரை பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்துவர சித்தி கிளம்பிப் போனாள். கதவு சாத்தியதும் சித்தப்பா எழுந்தார்.

"முன்னால ஒண்ணு கழியுது. பின்னால ஒண்ணு கூட்டினா?"

"சித்தப்பா, வேண்டாம்."

"உங்க சித்தி விதிதானே? கூட்டினா ஆயிரத்துத் தொள்ளாயிரம். அவ ஒரு பொய்யும் எழுத வேண்டாம். இருக்கறதைப் பார்த்து எழுதட்டும். ஒண்ணு இருக்க வைக்கறது என் பொறுப்பு."

மூலையிலிருந்த நீளக் குடையை எடுத்து இறுக்கி மடித்தார். கறுப்புக் குடை. மாவு டப்பாவைத் திறந்து, குடையை நனைத்து, அதன்மேல் மாவைத் தடவித் தடவி வெள்ளையாக்கினார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. பிறகு ஜன்னலைத் திறந்து, குடையின் வளைந்த பிடியை உள்பக்கம் மாட்டி, மீதியை வெளியே தொங்கவிட்டார். கடைசி M-க்கு அடுத்ததாக, அழகாக, நேராக, ஓர் ஐ. இறங்கிப் போய் எதிரிலிருந்து பார்த்துவிட்டு வந்தார். "முதல் எழுத்தைவிட இதுதான் எழுத்து மாதிரி இருக்கு" என்றார்.

அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு அதிகாரியும் சித்தியும் எதிர்நடைபாதைக்கு வந்து நின்றார்கள். பேக்கரிக்காரரும் தன் வாசலில் வந்து நின்றார். பயத்தில் நான் மாடியில் இருக்க முடியாமல் கீழே ஓடியிருந்தேன். அதிகாரி வெந்நீர் குடித்தார், மூடியைத் திருகினார், அண்ணாந்து பார்த்தார்.

"I, M, C, M, I. ரெண்டு ஐ இருக்கே. உங்க குறிப்புல ஒண்ணுதானேம்மா?"

சித்தி பைனாகுலரைத் தூக்கினாள். கடைசி எழுத்தைப் பார்த்தாள். அடியில் கூராக ஓர் இரும்பு முனை. அந்தக் குடையை வாங்கியவளே அவள்தான். பைனாகுலரை இறக்கி என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த மாவைச் சட்டையில் துடைத்தேன்.

அவள் வாயைத் திறந்தபோது மழை வந்தது. தூறலாக இல்லை, வாளியைக் கவிழ்த்த மாதிரி.

"குடை இருக்காம்மா?" என்றார் அதிகாரி, பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு.

"இருக்கு சார்." சித்தி மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க, குடையைக் கொண்டு வாங்க."

ஜன்னலில் சித்தப்பாவின் தலை தெரிந்தது. "எந்தக் குடை?"

"கடைசி எழுத்தை."

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கடைசி எழுத்து மெல்ல மேலே ஏறி ஜன்னலுக்குள் போனது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சித்தப்பா ஓடிவந்து மூச்சு வாங்கக் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தார். மாவும் மழையும் கலந்து வெள்ளைக் கூழாக அதிகாரியின் தோளில் சொட்டியது.

"இது என்ன?"

"மாவு சார்," என்றாள் சித்தி. "எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் கூட்டிப் பார்த்தார். நீங்க கணக்குல எடுத்துக்காதீங்க. முன்னால இருக்கற ஐ மட்டும்தான் நிஜம். நாங்க காலி பண்ணிடறோம்."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள், இருபது வருஷப் பழக்கம். அதனால் அதை முதலில் பார்த்தது பேக்கரிக்காரர்.

"அம்மா, உங்க முதல் எழுத்து ஒழுகுது."

எல்லாரும் பார்த்தோம். முன்னால் இருந்த ஐயின் நடுவிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கூடவே கடகடவென்று ஒரு சத்தம். எழுத்து கொப்பளிக்கிற மாதிரி.

அது மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாய். சுவருக்குள்ளேயே வந்து, ஜன்னல் விளிம்புக்குக் கீழே வெளியே எட்டிப் பார்த்து, சரியாக ஓர் எழுத்து உயரத்துக்கு முகத்தைக் காட்டிவிட்டுச் சலவைக்கடைக் கூரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அதற்கும் அதே வெள்ளைப் பூச்சு.

அதிகாரி கூழ்த் தோளோடு சிரிக்க ஆரம்பித்தார். "ஏம்மா, ஐ என்னிக்காவது எம்முக்கு முன்னால வந்து நிக்குமா? அது வி-க்கும் எக்ஸுக்கும் முன்னால மட்டும்தான் நிக்கலாம். நூறுக்கு முன்னாலகூட அதுக்கு அனுமதி கிடையாது."

"அப்படி ஒரு விதி இருக்கா சார்?" சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். "எங்க வீட்டுல யாருக்கு முன்னால வேணா நிக்கும். அதை வெச்சு எழுதிட்டேன்."

"குழாயை எடுத்தா MCM. ஆயிரத்துத் தொள்ளாயிரம். 1900க்கு முன்னாடின்னா 1900 அதுல சேராது. நீங்க எங்கயும் போக வேண்டாம்." பென்சிலை வாங்கி அவரே திருத்திக் கையெழுத்துப் போட்டார். குடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்தக் குடையைத் தனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார், பஸ் நிறுத்தம்வரை.

நான் நனைந்துகொண்டே நடுத்தெருவில் நின்றேன். முகவரிக் கட்டம் பிழைத்தது. சித்தப்பா "பார்த்தியா, நான் முன்னால நிக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி மட்டும் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், பேக்கரிக்காரர் வீட்டுக்கு நேரெதிரே போட்டு, கொட்டுகிற மழையில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் இன்னொரு தடவை மழையில பார்த்துடணும்" என்றாள். "ஒழுகாததுதான் எழுத்து. முதல்ல உங்க வீடு."

பேக்கரிக்காரர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "கடைசியில எக்ஸுக்கு முன்னால ஒரு ஐ நிக்குதே அம்மா. அது குழாயா இருந்தா?"

"இருந்தா நீங்களும் ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

இருவரும் அந்த ஐயையே பார்த்தார்கள். கால் மணி, அரை மணி.

"ஏதாவது ஒழுகுதா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தாங்க பார்க்கறேன். கொஞ்சமாவது ஒழுகித் தொலைக்கக் கூடாதா?"

ஒழுகவில்லை. கல்லில் செதுக்கிய ஐ, உலர்ந்த மனுஷன் மாதிரி எக்ஸுக்கு முன்னால் நின்றது. மழை விட்டதும் சித்தி எழுந்து முக்காலியை மடக்கினாள். "உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. உங்களுக்குத் தெரியுமே அம்மா."

"தெரியும். அரங்குக்கெல்லாம் போகாதீங்க. எங்க பின்னறை இருக்கு, கூடம் இருக்கு. ஆறு மாசம்தானே."

பின்னறை என்னுடையது. என்னை யாரும் கேட்கவில்லை. பழைய வீட்டில் ஐம்பது மதிப்புள்ள எலியையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நான் கூடத்தில் சோபாவில் படுக்கிறேன். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களையும் சித்தி மழை நாட்களில் மறுபடி பார்த்து முடித்தாள். இன்னும் இரண்டு குழாய்கள் அகப்பட்டன, ஒரு கொடிக்கம்பமும். அலமாரிக்கு மேலிருந்த ஹெல்மெட்டை இப்போது அவள் போட்டுக்கொண்டு போகிறாள், மழைக்கு.

வீட்டில் காலை ஏழு மணிக்குக் குளியலறை வாசலில் வரிசை. முதலில் பேக்கரிக்காரர் மாமியார், மகள், மகள், மனைவி, அவர். பிறகு சித்தி, நான், சித்தப்பா. இன்று காலை சித்தப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ விளக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்து வரிசையின் முன்னால் போய் நின்றார்.

"ஏங்க," என்றாள் சித்தி, பல் துலக்கிக்கொண்டே. "அஞ்சுக்கு முன்னால ஒண்ணு நின்னா எவ்வளவு?"

"நாலு."

"அவங்க அஞ்சு பேரும் குளிக்கணும்."

சித்தப்பா திரும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். சித்தி வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வி, ஐ, ஐ, ஐ.

"எட்டு," என்றாள். "இப்ப சரி."